சூரிய அடுப்புக்கு உமியா, தேங்காய் நாரா?

வணக்கம். காரிமங்கலம் பக்கம் இருக்கிறோம். நானும் மகளும் அட்டைப்பெட்டியில் சூரிய அடுப்பு செய்கிறோம். பெட்டிக்குள் பெட்டி, நடுவில் நாலு விரல் இடைவெளி, உள்ளே கருப்படித்த தகரம், மேலே கண்ணாடி, மூடியில் அலுமினியத் தாள். வெயிலில் சூடு நன்றாக ஏறுகிறது. ஒரு மேகம் வந்தால் போதும், மளமளவென்று இறங்கிவிடுகிறது.

இடைவெளியில் எதை அடைக்கலாம்? தெர்மாகோல் வேண்டாம், 100 டிகிரிக்குப் பக்கத்தில் இளகிவிடும். இங்கே சுலபமாகக் கிடைப்பது நெல் உமி, தேங்காய் நார், நிலக்கடலைத் தோல். உமிதான் என் கணக்கு, ஆனால் ஈரம் இழுக்குமே! இறுக்கி அடைக்கணுமா, தளர்வாகவா?

ஒரே அளவு தண்ணீர் வைத்து, இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் சோதிக்கலாம் என்கிறாள் மகள். சரிதானே? அப்புறம், தருமபுரியில் பழைய ஜன்னல் கண்ணாடி மலிவாக எங்கே கிடைக்கும்?