மலைப்பூண்டு விற்கும் தளம்: கீவேர்ட் பிளானர் ஒன்றுமே காட்டாதபோது எந்தச் சொல்லை எடுப்பது?

மேல்மலைக் கடை:
வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில இருந்து மலைப்பூண்டும் யூகலிப்டஸ் தைலமும் கூரியர்ல அனுப்புற சின்னத் தளம். எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுறாங்கன்னு காட்டுற கூகுளோட கீவேர்ட் பிளானர்ல தமிழ்ச் சொல் போட்டா வெறும் கோடுதான் வருது. ஆங்கிலத்துல போட்டா 10–100, 100–1000ன்னு அகலமா ஒரு கணக்கு. இதை வச்சு எப்படி முடிவெடுக்கிறது? ‘பூண்டு நன்மைகள்’ மாதிரி பெரிய எண்ணிக்கை உள்ள சொல்லுக்கு எழுதினா ஆள் வருவாங்களா? தமிழ், ஆங்கிலம், ஆங்கில எழுத்துல தட்டுற தமிழ், மூணுக்கும் தனித்தனிப் பக்கம் வேணுமா?

குன்னூர் தேயிலை:
பிளானர் விளம்பரம் கொடுக்கிறவங்களுக்காகச் செஞ்ச கருவி. விளம்பரத்துக்குச் செலவு பண்ணாத கணக்குக்கு அகலமான வரம்பு மட்டும்தான் காட்டும். கோடு வந்தா யாருமே தேடலைன்னு அர்த்தம் இல்லை. சொல்ற அளவுக்குத் தரவு சேரலை, அவ்வளவுதான்.

இரண்டு அமைப்பை முதல்ல பாருங்க. இடத்தை இந்தியான்னு விடாம தமிழ்நாடுன்னு மாத்துங்க. மொழியைத் தமிழ்னு மட்டும் வைக்காதீங்க. நம்ம ஆட்கள்ல நிறையப் பேர் போனை ஆங்கிலத்துல வச்சுக்கிட்டுத்தான் தமிழ்ல தேடுறாங்க. ‘போட்டி’ன்னு இருக்கிற பத்தி விளம்பரதாரர்களோட போட்டி. அதுல ‘குறைவு’ன்னு இருந்தா முதல் பக்கம் வர்றது சுலபம்னு நினைச்சுடாதீங்க. கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கிற எழுத்து வடிவங்களுக்கு ஒரே எண்ணைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டும், அதனால அதையெல்லாம் கூட்டாதீங்க.

சொல் எங்க கிடைக்கும்னா, உங்க வாட்ஸப்ல. வாடிக்கையாளர் கேட்ட கேள்விகளை அப்படியே ஒரு தாள்ல எழுதுங்க: ‘ஒரு கிலோ என்ன விலை’, ‘நாட்டுப் பூண்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்’, ‘விதைப்பூண்டு கிடைக்குமா’. ஒவ்வொண்ணையும் கூகுள்ல பாதி தட்டி நிறுத்துங்க, கீழே விழுற பரிந்துரைகளையும் சேர்த்துக்குங்க. மறைநிலை விண்டோல பண்ணுங்க, இல்லேன்னா உங்க பழைய தேடல்தான் முன்னால வந்து நிக்கும்.

சொல்வலை:
மேலே சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. ஒரு சொல்லை முடிவு பண்றதுக்கு முன்னாடி அதைத் தேடி, வர்ற முதல் பத்து முடிவையும் கண்ணால பார்க்கணும். இந்த வேலைக்குப் பதிலா எந்தக் கருவியும் கிடையாது.

உங்க பொருளையே எடுத்துக்குங்க. ‘மலைப் பூண்டு’ங்கறதை ஆங்கிலத்துக்கு மாத்தித் தேடினா காஷ்மீர், இமயமலைப் பக்கத்து ஒரு பல் பூண்டு வந்து நிக்கும். அது வேற பொருள், அதை வாங்குறவரும் வேற ஆள். ‘கொடைக்கானல்’ங்கற பெயர் டைட்டில்ல (தேடல் முடிவுல தெரியுற பக்கத் தலைப்பு) இருந்தே ஆகணும். 2019-ல புவிசார் குறியீடு கிடைச்ச பெயர் அது. அந்தப் பெயரைப் போட்டுத் தேடுறவர் பொருள் தெரிஞ்சுதான் வர்றார்.

‘பூண்டு நன்மைகள்’ வேண்டாம். அங்க செய்தித் தளங்களும் மருத்துவத் தளங்களும் உட்கார்ந்திருக்கு. படிச்சுட்டுப் போறவர் சமையலறையில இருக்கிற பூண்டைத்தான் எடுப்பார். உடல்நலம் சம்பந்தப்பட்ட பக்கங்களைக் கூகுள் கூடுதல் கண்டிப்போட பார்க்குது. நோய் தீரும்னு உணவுப் பொருள் விற்கிற தளத்துல எழுதுறதும் சிக்கல். 2024 மே 7-ல இருந்து சுற்றுலா வர்றவங்களுக்கு மலைக்கு இ-பாஸ் வந்ததும் அதைப் பத்தி ஒரு பக்கம் போட்டுக் கூட்டம் சேர்க்கலாம்னு தோணும். அதுவும் பூண்டு விற்காது.

மூணு எழுத்து வடிவத்துக்கும் மூணு பக்கம் தேவையில்லை. வாங்குற நோக்கம் ஒண்ணுன்னா பக்கமும் ஒண்ணு. டைட்டில்ல தமிழும் ஆங்கிலமும் இருக்கட்டும், ஆங்கில எழுத்துத் தமிழ் கேள்வி-பதில் பகுதியில ஒரு இடத்துல இயல்பா வரட்டும். poondu, pundu-ன்னு ஓ இரண்டு, யு ஒண்ணுன்னு எல்லா ஸ்பெல்லிங்கையும் அடுக்கினா படிக்கிறவர் ஓடிடுவார். பக்கத்தோட நிரல்ல சொற்களை அடுக்குற மெட்டா கீவேர்ட்ஸ் டேக் நேரத்துக்குக் கேடு, அதைப் பயன்படுத்துறதில்லைன்னு கூகுள் 2009-லயே சொல்லிடுச்சு. நோக்கம் மாறினாத்தான் தனிப் பக்கம்: விதைப்பூண்டு தேடுறவர் விவசாயி, அவருக்கு ரகமும் ஏக்கருக்கு அளவும் வேணும்.

மேல்மலைக் கடை:
ரொம்ப நன்றிங்க. தைலத்துக்கு ‘நீலகிரி தைலம்’, ‘யூகலிப்டஸ் ஆயில்’னு இரண்டு பக்கம் இருக்கு. மாறி மாறித்தான் வருது, இரண்டுமே கூகுள் முடிவுல இரண்டாம் பக்கத்தைத் தாண்டி முன்னால வரலை. நம்ம தளம் கூகுள் தேடல்ல எப்படி வருதுன்னு காட்டுற சர்ச் கன்சோல் இணைச்சிருக்கேன், அதுல எதைப் பார்க்கணும்? பூண்டு தீர்ந்தா அந்தப் பக்கத்தை எடுத்துடலாமா?

குன்னூர் தேயிலை:
சர்ச் கன்சோல்ல ‘செயல்திறன்’ திறந்து தேதியை 16 மாசமா வைங்க, அதுதான் உச்சம். சராசரி நிலையை டிக் பண்ணுங்க. நிலை 8-ல இருந்து 20 வரை இருந்து, இம்ப்ரெஷன் (முடிவுல காட்டப்பட்ட தடவை) நிறைய, கிளிக் கொஞ்சம்னு இருக்கிற சொற்கள்தான் முதல் வேலை. புதுச் சொல்லைத் துரத்துறதை விட இது சீக்கிரம் பலன் தரும்.

தமிழ் எழுத்துத் தேடல் மட்டும் வேணும்னா வினவல் வடிகட்டியில ரீஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வச்சுத் தேடுற விதி) தேர்ந்து [அ-ஹ] என்று போடுங்க. அட்டவணையில 1000 வரிதான் வரும். அதுல உள்ள கிளிக்கைக் கூட்டினா மேலே இருக்கிற மொத்தத்துக்குக் குறைவா வரும். மிகச் சிலரே தேடின சொற்களைத் தனியுரிமைக்காக மறைக்கிறாங்க, உங்க கணக்குல பிழை இல்லை.

தைலம்: அந்தச் சொல்லைக் கிளிக் பண்ணி ‘பக்கங்கள்’ தாவலுக்குப் போங்க. ஒரே சொல்லுக்கு இரண்டு முகவரியும் இம்ப்ரெஷனைப் பங்கு போட்டா, உங்க பக்கங்களே ஒண்ணோட ஒண்ணு மோதுதுன்னு அர்த்தம். கிளிக் கூட உள்ளதை வச்சுக்கிட்டு, மற்றதுல இருக்கிற நல்ல வரிகளை அதுல சேர்த்து, பழைய முகவரியில இருந்து 301 திருப்பம் (அங்க வர்றவரை நிரந்தரமா இந்தப் பக்கத்துக்கு அனுப்புறது) போடுங்க. முகவரியைச் சின்னதா ஆங்கில எழுத்துல வைங்க. தமிழ்ல வச்சா சில ஆப்ல பகிரும்போது சதவீதக் குறியா நீண்டு லிங்க் உடைஞ்ச மாதிரி தெரியும்.

பூண்டு தீர்ந்தாலும் பக்கத்தை எடுக்காதீங்க. ‘பக்கம் இல்லை’ங்கற 404 ஆனா தேடல்ல சேர்த்த இடம் போயிடும். ஸ்கீமால (கூகுளுக்குப் பொருள் விவரம் சொல்ற குறியீடு) ‘இருப்பு இல்லை’ன்னு மாத்தி, அடுத்த அறுவடை எந்த மாசம்னு ஒரு வரி எழுதி, வாட்ஸப்ல முன்பதிவு வாங்குங்க.

சொல்வலை:
விலையைப் போஸ்டர் படமா போட்டிருந்தா அதை எழுத்தா மாத்துங்க. ‘1 கிலோ விலை’ன்னு தேடுறவருக்குக் காட்ட அந்தப் பக்கத்துல எழுத்தா ஒரு எண் இருக்கணும்.