புதுப்பிப்பு: நாள்பட்ட சோர்வு நோய்க்கு உடற்பயிற்சி உண்டா, இல்லையா?

வைரஸ் தொற்றுக்குப் பின் பலரை முடக்கிப்போடும் நாள்பட்ட சோர்வு நோய்க்கு, பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட, ஒருவகை உடற்பயிற்சி சிகிச்சையை நீக்கிய வழிகாட்டுதலைப் பற்றி முன்பு இங்கே எழுதியிருந்தேன். "உடற்பயிற்சியே கூடாதா?" என்பதுதான் அதற்கு வந்த முக்கியக் கேள்வி.

அப்படி இல்லை. நீக்கப்பட்டது, நோயாளியின் நிலை எப்படி இருந்தாலும் திட்டமிட்டபடி அளவைக் கூட்டிக்கொண்டே போகும் படிப்படியான உடற்பயிற்சி சிகிச்சை. 2007 வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைத்தது. தங்கள் நிலை அதனால் மோசமானதாக நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2021 ஆகஸ்டில், வெளியாகவிருந்த சமயத்தில் புதிய வழிகாட்டுதலை நிறுத்திவைத்த கூத்தும் நடந்தது.

இந்நோயின் சிக்கல் இதுதான்: சிறு உழைப்புக்குப் பின் வரும் சரிவு உடனே தெரியாது. பல மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துத்தான் ஆளைச் சாய்க்கும். சிகிச்சை அறையில் நன்றாக நடந்து காட்டியவர் மறுநாள் எழ முடியாமல் கிடப்பதை மருத்துவர் பார்ப்பதே இல்லை. அதனால்தான் இப்போது, இருக்கும் ஆற்றலின் எல்லைக்குள் வேலைகளைப் பிரித்துப் பிரித்து, இடையில் ஓய்வெடுத்துச் செய்யச் சொல்கிறார்கள். எண்ணங்களையும் நடத்தையையும் கையாளக் கற்றுத்தரும் சி.பி.டி. உளவியல் சிகிச்சை துணைக்கு மட்டும். குணப்படுத்தும் என்று சொல்லக் கூடாது.

ஒரு புதுச் செய்தி. எடின்பரோ பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் டிகோட்எம்இ (எம்இ என்பது இந்நோயின் இன்னொரு பெயர்) ஆய்வு, 15,579 நோயாளிகளின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்து, நோயோடு தொடர்புடைய 8 மரபணுப் பகுதிகளை 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அவற்றில் சில நோயெதிர்ப்பு, நரம்பு மண்டலங்கள் சார்ந்தவை. "மருந்து வந்துவிட்டது" என்று பரப்புபவர்களை நம்பாதீர்கள். இதிலிருந்து மருந்தோ பரிசோதனையோ இன்னும் வரவில்லை.