நம்ம வீடு குழு: ஹம்பியிலிருந்து கலா அத்தை

வெள்ளி

[காலை 8:12] கலா அத்தை: ஹொசபேட்டையில் இறங்கிவிட்டோம். இங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர்தானாம். படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் மொத்தம் 12 பேர். சொல்லித்தருகிற சார் வாசலிலேயே காத்திருந்தார்.

[காலை 8:15] அம்மா: சாப்பிட்டாயா கலா?

[காலை 8:16] கலா அத்தை: இட்லி ஆயிற்று அண்ணி.

[காலை 8:20] அப்பா: முட்டியைப் பார்த்துக்கொள். எனக்கு இன்னும் புரியாதது ஒன்றுதான். படம் எடுக்க யூடியூபிலேயே சொல்லித் தருகிறார்கள். இவ்வளவு செலவு செய்து கூட்டமாகப் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

[காலை 8:24] கலா அத்தை: நானும் ஒரு வருஷம் யூடியூப் பார்த்தேன் அண்ணா. நான் எடுத்த படத்தை அது பார்க்கவில்லையே.

[இரவு 9:40] கலா அத்தை: இன்று ஆளுக்கு 36 படம்தான் என்று சொல்லிவிட்டார். பிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு அவ்வளவுதானே. ஜூமையும் தொடக் கூடாது, வேண்டுமென்றால் நடந்து கிட்டே போக வேண்டும். விட்டலர் கோயில் கல்தேரிலேயே 11 படம் தீர்ந்துவிட்டது.

[இரவு 9:42] சித்தப்பா: 50 ரூபாய் நோட்டில் இருக்கிற தேர்தானே அக்கா?

[இரவு 9:47] கலா அத்தை: அதேதான். எல்லோருமே நோட்டில் இருக்கிற மாதிரி எடுத்து வைத்திருந்தோம். ராத்திரி ஆளுக்கு 5 படம் காட்டச் சொன்னார். என் படத்தை நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எங்கே நின்னு எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் உறைத்தது, பதினொன்றும் என் கண் உயரத்திலேயே இருந்தன. தேருக்கு முன்னால் இரண்டு கல்யானைகள் இருக்கின்றன. நாளை அதுகளின் கண் உயரத்துக்கு உட்கார்ந்து எடுக்க வேண்டும்.

[இரவு 9:51] கலா அத்தை: அப்புறம் இன்னொன்று காட்டினார். 1856-ல் கிரீன்லா என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, மெழுகு பூசிய காகித நெகட்டிவில் ஹம்பியைப் படம் எடுத்திருக்கிறார். அந்தப் படத்தில் இதே தேரின் மேல் செங்கல் கோபுரம் ஒன்று நிற்கிறது! இப்போது அது இல்லை. அவர் எடுத்து வைக்காவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்?

சனி

[காலை 7:05] கலா அத்தை: மாதங்க மலை ஏறிவிட்டேன். முட்டி நன்றாக இருக்கிறது. மேலே எல்லோரும் சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றோம், சார் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்தால் கீழே அச்சுதராயர் கோயில். பக்கவாட்டு வெயில் பட்டு ஒவ்வொரு தூணுக்கும் நீளமாக நிழல்.

[காலை 7:09] தீபா: அத்தை, என் போனில் இப்படி எடுத்தால் வானம் வெளுத்துப் போகிறது.

[காலை 7:13] கலா அத்தை: எனக்கும் அதேதான் ஆயிற்று. திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டுப் பிடி. பக்கத்தில் சின்னச் சூரியன் மாதிரி குறி வரும், அதைக் கொஞ்சம் கீழே இழு. கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்ச அளவை, மைனஸ் 1-க்கு வைக்கிறதும் அதே வேலைதான்.

[பகல் 12:30] கலா அத்தை: விருபாட்சர் கோயிலில் இருக்கிறோம். இதை எல்லோரும் கேளுங்கள். பின்பக்கம் ஓர் இருட்டு அறை. சுவரில் ஒரு சின்னத் துளை. எதிர்ச்சுவரில் ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாக விழுகிறது, கலசம் கீழே! கோபுரமோ சுமார் 50 மீட்டர் உயரம்.

[பகல் 12:33] நிதின்: எப்படி அத்தை தலைகீழாகும்?

[பகல் 12:38] கலா அத்தை: வெளிச்சம் நேர்கோட்டில்தான் போகும் கண்ணா. கோபுர உச்சியிலிருந்து வருவது துளைக்குள் நுழைந்து கீழே போய் விழும். அடியிலிருந்து வருவது மேலே போகும். நம் கேமராவுக்குள்ளும் இதுதான் நடக்கிறது, துளை இருக்கிற இடத்தில் லென்ஸ் இருக்கிறது. சார் எங்கள் கேமராவையெல்லாம் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் அந்தச் சுவரை மட்டும் பார்க்கச் சொன்னார். நாங்கள் கேமராவுக்குள்ளேயே நிற்கிற மாதிரி இருந்தது.

[பகல் 12:40] நிதின்: வீட்டில் செய்ய முடியுமா?

[பகல் 12:44] கலா அத்தை: முடியுமாம், சாரிடம் கேட்டுவிட்டேன். தெருப்பக்க அறை ஜன்னலை அட்டையால் முழுக்க மூடு. நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போடு. வெளியே நல்ல வெயில் இருக்க வேண்டும், உள்ளே வேறு எந்த இடுக்கிலும் வெளிச்சம் வரக் கூடாது. கதவுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வை. கண் பழக ஐந்து நிமிஷம் ஆகும், அவசரப்படாதே.

[பிற்பகல் 2:20] அம்மா: புது மிக்ஸி வந்த அட்டைப் பெட்டியைக் காணோம்.

[பிற்பகல் 2:21] சித்தப்பா: நிதின் எடுத்துப்போனான் அண்ணி.

[பிற்பகல் 2:50] நிதின்: அத்தை வந்துவிட்டது!!! ஆனால் மங்கலாக இருக்கிறது.

[பிற்பகல் 2:53] கலா அத்தை: சபாஷ்! ஓட்டையைப் பாதியாக்கிப் பார். தெளிவு கூடும், வெளிச்சம் குறையும். எங்களுக்கு நேற்று அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, என்று சார் சொன்னதும் இதுதான். படிப்பதைவிட இப்போதுதான் எனக்கே நன்றாகப் புரிகிறது.

[பிற்பகல் 3:10] அப்பா: நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுத் தென்னை சுவரில் தலைகீழாக நின்று ஆடுகிறது. கீற்று ஒவ்வொன்றும் தெரிகிறது. ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது கலா. அது பறக்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பேசவே இல்லை.

[பிற்பகல் 3:12] கலா அத்தை: படம் எடுத்தீர்களா அண்ணா?

[பிற்பகல் 3:13] அப்பா: இல்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். நாளைக்கும் அட்டையை எடுக்க வேண்டாம் என்று உன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன்.