கடன் வாங்கி பி.எட். படிக்க வைக்கலாமா?

கேள்வி (திருமங்கலம்): பி.எஸ்சி. கணிதம் முடித்த என் மகள் பி.எட். சேர விரும்புகிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு 2 லட்சம் ரூபாய் கல்விக் கடன் தேவைப்படும் நிலையில், இங்குள்ள தனியார் பள்ளிகளில் புதியவர்களுக்கு மாதம் 12,000 ரூபாய்தான் என்று கேள்விப்பட்டதால் தயங்குகிறேன்.

பதில் 1: வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு லட்சமாகப் பெற்று, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துக் கட்டத் தொடங்கினால், அதற்குள் தனிவட்டியே 50,000 ரூபாய் சேர்ந்து, ஐந்தாண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 5,300 ரூபாய் வரும். 12,000 ரூபாய் சம்பளத்தில் பஸ் செலவும் போக என்ன மிஞ்சும்? படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டி வாருங்கள்.

பதில் 2: அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது, ஆயினும் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேறியவர்களும் 2018ஆம் ஆண்டு அரசாணைப்படி தனியே ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டியிருப்பதால், அந்தத் தொகையை நம்பித் தவணையைத் திட்டமிடாதீர்கள். தகுதித் தேர்வுச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்பது ஆறுதல்தான்.

பதில் 3: முதலில் கல்லூரியைப் பாருங்கள், ஐயா. மதுரை தியாகராசர் பிரிசெப்டார்ஸ் கல்லூரி போன்ற அரசு உதவி பெறும் கல்லூரியில் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் கட்டணம் குறையும். திருமங்கலத்திலிருந்தே போய்வரலாம் என்பதால் விடுதிச் செலவும் இல்லை, கடன் தொகையே சுருங்கிவிடும்.