கிரைண்டர்ல மர பிளேடு மாட்டுறது: கார்டைக் கழட்டலாமா, கூடாதா?

சாரல்காத்து
செங்கோட்டைப் பக்கம் ஒரு மரப்பட்டறையில ஏழு மாசமா வேலை பாக்கேன். டிப்ளமோ முடிச்சவன்ங்கிறதால எல்லாருக்கும் நான் 'படிச்ச புள்ள', கேலியாத்தான். எங்க மேஸ்திரி நாலு இஞ்ச் கிரைண்டர்ல, அதான் கல்லு, இரும்பு அறுக்குற கைமிஷின்ல, கார்டை (பிளேடை மறைக்கிற தகடு) கழட்டிப் போட்டுட்டு, மரம் அறுக்குற பல் பிளேடை மாட்டி ரீப்பர், சட்டம் எல்லாத்தையும் அதுலயே அறுக்காரு. கார்டு இருந்தா பிளேடு முழுசா இறங்காதாம். நேத்து ஒரு பலாக்கட்டையில கணு பிடிச்சு மிஷின் துள்ளி அவரு தொடையை உரசிட்டுப் போச்சு. வேட்டி கிழிஞ்சதோட சரி. சிரிச்சுக்கிட்டே டீ குடிக்கப் போயிட்டாரு. நான் சொன்னா எடுபடல. ஆசாரிமாரு சொல்லுங்க, நான்தான் பயந்தாங்கொள்ளியா?

பழைய இழைப்புளி
தம்பி, 32 வருஷமா இந்தத் தொழில். பத்து விரலும் இருக்கு, எண்ணிப் பாத்துட்டுத்தான் எழுதுதேன். கார்டு மாட்டினா கோடு தெரியாது. கோடு தெரியாம குனிஞ்சு குனிஞ்சு பாக்கவன்தான் கையை வெட்டிக்கிடுவான். வீட்டுச் சண்டை, போனு, வாய்ப்பேச்சு எல்லாத்தையும் செருப்போட வெளியில விட்டுட்டு உள்ள வரணும். கவனம்தான் கார்டு.

மீட்டர்கணக்கு
//கவனம்தான் கார்டு//
அண்ணாச்சி, இதைக் கணக்குப் போட்டே பாத்துருவோம். நாலு இஞ்ச் கிரைண்டர் சுமையில்லாம நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்தும். பிளேடோட விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல ஓடுது. கண்ணு பாத்து, மூளை சொல்லி, கை விலக கால் விநாடின்னு வைங்க. அதுக்குள்ள 45 சுத்து முடிஞ்சிரும். 40 பல் பிளேடுன்னா 1,800 பல் அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். எந்தக் கவனம் அதுக்கு முன்னால போய் நிக்கும்?

இன்னொண்ணு. கிரைண்டர் சுவிட்சைத் தள்ளிப் பூட்டிட்டா கையை விட்டாலும் ஓடிக்கிட்டே இருக்கும். மரம் அறுக்கன்னே செஞ்ச ஏழு இஞ்ச் மிஷின்ல விரலை எடுத்தா கரண்ட் நின்னிரும், கீழ்க் கார்டும் ஸ்பிரிங்குல வந்து பல்லை மூடிரும். வேகமும் பாதிக்குக் குறைவு, 5,000 சுத்து. ரெண்டும் ஒரே சாமான் இல்ல.

பழைய இழைப்புளி
கணக்கு நோட்டுல நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கூலி அடிக்கணக்கு தம்பி. ரெண்டு மிஷினை மாத்தி மாத்தி எடுத்து வைக்கிற நேரத்துல பத்து ரீப்பர் போயிரும். அந்தப் பத்துக்கு நீ தருவியா?

மரவாடிக்காரன்
மொதலாளி தரப்பையும் கொஞ்சம் கேளுங்க. எங்க இடத்துல கார்டோடதான் வாங்கிக் குடுத்தேன். மறுநாளே கழட்டிப் பரண்ல எறிஞ்சிட்டானுவ. கேட்டா 'வேலை ஓடல மொதலாளி'ன்னு பதில். கையைப் புடிச்சா மாட்ட முடியும்?

மீட்டர்கணக்கு
அடிக்கணக்குல கூலி குடுத்துட்டு 'மெதுவா, பத்திரமா அறு'ன்னு சொன்னா எவன் கேப்பான்? 1948-லயே தொழிற்சாலைச் சட்டம் 21-ஆம் பிரிவுல ஆபத்தான இயந்திரப் பாகத்துக்கு மறைப்பு கட்டாயம்னு எழுதி, பொறுப்பை மொதலாளி தலையிலதான் வச்சாங்க. கரண்டுல ஓடுற பட்டறைன்னா 10 பேர் இருந்தாத்தான் அது தொழிற்சாலைன்னு அந்தச் சட்டத்துல இருந்துச்சு. நாம எல்லாம் நாலு பேர் பட்டறை, வலைக்குக் கீழ நழுவுற மீனு.

புனலூர் பஸ்
நான் ஆரியங்காவு தாண்டி அந்தப் பக்கம்தான் வேலை பாக்கேன். பேசாம இருக்கலாம்னு நெனச்சேன், முடியல. என் இடது ஆள்காட்டி விரல்ல மேல் கணு கிடையாது.

அன்னைக்குக் குடிச்சிருக்கல, போன் பேசல, யார்கிட்டயும் கோவமும் இல்ல. இழைப்புளி அண்ணாச்சி சொன்ன கவனம் முழுசா இருந்துச்சு. கிரைண்டர் இல்ல, மேசை ரம்பத்துல ரப்பர் மரத்தை நீளவாக்குல அறுத்துக்கிட்டிருந்தேன். அந்த மரத்துக்கு உள்ளுக்குள்ள ஒரு முறுக்கு உண்டு. பாதி அறுத்ததும் பிளந்த ரெண்டு பக்கமும் தானா சேந்து வந்து பிளேடைக் கவ்விப் பிடிச்சுது. பலகை என்னைப் பாத்துத் துள்ளிச்சு, அழுத்திக்கிட்டிருந்த கை பிளேடு மேலயே போச்சு. சத்தம்கூட மாறல.

பிளேடுக்குப் பின்னால ஒரு தகடு நிக்கணும், அறுத்த வாய் மூடாம அது தடுக்கும். எங்க மேசையில அதைக் கழட்டி வச்சிருந்தோம், 'இடைஞ்சல்'னு.

கூட இருந்த சேட்டன் துண்டு விரலை டம்ளர் ஐஸுல நேராப் போட்டுக் கொண்டாந்தாரு. ஐஸ் பட்டுச் சதை கெட்டுப்போச்சு, ஒட்ட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சுத்தமான துணியை லேசா நனைச்சு அதுல சுத்தி, கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸ் தண்ணியில வைக்கணுமாம். இதை மட்டுமாவது பட்டறைச் சுவத்துல எழுதி வைங்க.

பழைய இழைப்புளி
தம்பி, வருத்தமா இருக்கு. ரப்பர் மரம் அப்படித்தான், நம்பப்படாத சாதி. தேக்கு, அயினி இப்படித் துள்ளாது.

புனலூர் பஸ்
தேக்குல கணு வராதா அண்ணாச்சி?

மீட்டர்கணக்கு
அமெரிக்காவுல ஸ்டீவ் காஸ்னு இயற்பியல் படிச்ச ஒரு காப்புரிமை வக்கீல் 1999-ல மேசை ரம்பத்துக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாரு. பிளேடுல லேசா ஒரு மின் சிக்னல் ஓடும். தோல் பட்டதும் அது மாறும், உடனே ஒரு அலுமினியக் கட்டை பாஞ்சு பல்லைக் கவ்வி 5 மில்லி விநாடியில நிறுத்திரும். விரல்ல கீறலோட போயிரும். நமக்கு அந்த விலை கட்டாது, சரி. கார்டு, பின் தகடு, தள்ளுறதுக்கு ஒரு கட்டை, கைக்கு நல்ல தடிமனான கையுறை, இதெல்லாம் கட்டும்ல?

பழைய இழைப்புளி
நில்லு நில்லு. கையுறையா? சுத்துற பிளேடு பக்கத்துல கையுறை போடச் சொன்னவன் ஒரு நாளும் ரம்பம் பிடிச்சவன் இல்ல. வெறும் விரல் பட்டா வெட்டு. கையுறை நூல் பல்லுல மாட்டினா முழுக் கையையும் உள்ள இழுத்துரும். துளை போடுற மிஷினுக்கும் இதேதான். கழுத்துத் துண்டு, மணிக்கட்டுக் கயிறு, தொளதொளன்னு தொங்குற சட்டைக் கை எல்லாம் இந்தக் கணக்குதான். இதுக்கு எந்த நோட்டுலயும் கணக்கு இல்லையோ?

மீட்டர்கணக்கு
ஒத்துக்கிடுதேன் அண்ணாச்சி. கையுறை பலகை தூக்க, அடுக்க மட்டும். நான் சொன்னது தப்பு.

ஆனா ஒரே ஒரு நூல் மாட்டினா கையே போயிரும்னு உங்களுக்கு நல்லாத் தெரியுது. அப்புறம் கவனம்தான் கார்டுன்னு எப்படிச் சொன்னீங்க?

ஒயர்மேன் 440
எல்லாரும் விரலையே பேசுறீங்க. ஆடி மாசச் சாரல்ல செங்கோட்டைப் பட்டறைத் தரை எப்பவும் ஈரம். இரும்பு மேசை, அடியில மோட்டார், மூணு முள் பிளக்குல எர்த் முள்ளு ஒடிஞ்சு கிடக்கும், சில இடத்துல பிளக்கே இல்லாம ஒயரைச் சொருகித் தீக்குச்சி வச்சு அடைச்சிருப்பாங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்) ஒண்ணு போர்டுல போடுங்க, எர்த் ஒழுங்கா இறக்குங்க.

அடுத்தது கரண்ட் கட். ஆள் சுவிட்சை அமத்தாம பிளேடைத் துடைக்கப் போவான், கரண்ட் வந்ததும் மிஷின் தானா ஓடும். மேசை ரம்பத்துக்கு சாதா சுவிட்ச் வேண்டாம், ஸ்டார்ட்டர் போடுங்க. கரண்ட் போனா அது விழுந்துரும், பச்சைப் பட்டனை மறுபடி அமுக்கினாத்தான் ஓடும். பிளேடு மாத்தணும்னா சுவிட்சை நம்பாதீங்க, பிளக்கையே பிடுங்குங்க.

மரவாடிக்காரன்
ஸ்டார்ட்டர் நாளைக்கே போட்டுருதேன். ரீப்பருக்கு மட்டும் அடிக்கணக்கை விட்டுட்டு நாள்கூலி குடுத்துப் பாக்கேன். நஷ்டம் வந்தா இங்கயே வந்து திட்டுவேன்.

பழைய இழைப்புளி
கிரைண்டர்ல பல் பிளேடு தப்புதான், 1,800 பல்லுன்னு கேட்டதும் வயிறு ஒரு மாதிரி ஆயிட்டு. கிரைண்டர்ல அதுக்குண்டான பிளேடு போட்டுக் கல்லும் இரும்பும்தான் அறுக்கணும். ஆனா மேசை ரம்பத்துல மேல் கார்டு விஷயத்துல நான் இறங்கி வரல. மெல்லிசு ரீப்பர் அறுக்கையில அது கண்ணை மறைக்குது, அவ்வளவுதான். பின் தகடு மாட்டுதேன், தள்ளுகட்டை வச்சுக்கிடுதேன்.

சாரல்காத்து
மேஸ்திரிகிட்ட புனலூர் அண்ணன் எழுதினதை மட்டும் வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல. சாயங்காலம் பரண்ல ஏறிக் கார்டைத் தேடி எடுத்தாரு. பல் பிளேடை ஆணியில தொங்க விட்டாச்சு. கார்டோட இறுக்குற திருகாணி மட்டும் காணோம், நாளைக்குத் தென்காசி போய்த்தான் வாங்கணும். நாலு இஞ்சுக்கு எந்த அளவு திருகாணின்னு யாருக்காவது தெரியுமா?