புதுப்பிப்பு: ஜப்பானிய எழுத்துவகையான ஹிரகானாவில் சிறிய யா, யு, யொ சேரும் ஒலிகள்

'கி'யை அடுத்துச் சிறிய 'யா' வந்தால் என் வாயில் 'கியா' என்று இரண்டு அசையாகவே வருகிறது, என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது சரியாகிவிட்டது.

கைகொடுத்தது, முதல் எழுத்துக்கு மனத்துக்குள் புள்ளி வைக்கச் சொன்ன யோசனைதான். கி, நி, ஹி, மி, பி எதுவானாலும் இகரத்தை எடுத்துவிட்டு க்ய, ந்ய, ஹ்ய என்று படித்தால் போதும். பாக்யம் என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இதில் சிரமமே இல்லை. ஷி, சி, ஜி வரிசையில் யகரமும் கேட்காது. வெறும் ஷ, ச்ச, ஜதான்.

ஒவ்வொரு ஒலியளவுக்கும் ஒரு முறை கைதட்டிப் படிக்கச் சொன்னதும் உதவியது. க்யோதோவுக்கு (நாம் சொல்லும் கியோட்டோ) மூன்று தட்டு (க்யொ-உ-தொ), தோக்யோவுக்கு (டோக்கியோ) நான்கு. ப்யோஇன் மருத்துவமனை, பியோஇன் அழகு நிலையம். யொ சிறிதா பெரிதா என்று பார்க்காவிட்டால் காய்ச்சலோடு போய் முடிவெட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்!

எதிர்பாராதது இரண்டு. அடுத்து வரும் மெய்யை இரட்டிக்கும் சிறிய 'ட்சு' எழுத்து இந்தக் கூட்டத்தில் சேராது. தனக்கென்று ஒரு தட்டு கேட்கும், நம் அக்காவில் வரும் க் மாதிரி. அப்புறம், ர்யொ மட்டும் இன்னும் படுத்துகிறது. பயணத்தைக் குறிக்கும் 'ர்யொகோ'வை மெதுவாகத்தான் சொல்ல முடிகிறது.