நெஞ்சு கொழுந்துவிட்டு எரிந்தால் சபை மெய்யாகிவிடுமா? மார்மன் 'சாட்சி' அனுபவங்கள்

ஏட்டுச்சுவடி:

'சபை மெய்' என்று உள்ளுக்குள் உணர்வதை மார்மன்கள் (பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையார்) 'சாட்சி' என்பார்கள். அந்த ஆவிக்குரிய அனுபவம் பற்றிப் பேச்சு வந்தாலே ஒருவர் "உணர்ந்தேன்" என்கிறார், இன்னொருவர் "மனப்பிரமை" என்கிறார், அதோடு சரி. நடுவில் என்ன நடக்கிறது என்று எழுத ஆளில்லை. இந்த இழையில் சொந்தக் கதை வேண்டாம். அந்த அனுபவம் எந்த வசனத்தில் தொடங்குகிறது, எப்படிப் படிப்படியாக வளர்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை மட்டும் வைப்போம்.

சபையைப் பரப்பும் ஊழியக்காரர்கள் இரண்டு இரண்டு பேராக வருவார்கள். ஆண்களுக்கு 24 மாத ஊழியம், பெண்களுக்கு 18 மாதம். ஆரம்பச் சந்திப்புகளிலேயே, வேதாகமத்தோடு அவர்கள் வேதமாகக் கொள்ளும் மார்மன் புத்தகத்தைக் கையில் கொடுத்து, படிக்க வேண்டிய பகுதிகளைக் குறித்துத் தருவார்கள். அதில் தவறாமல் இருப்பது புத்தகத்தின் கடைசி அதிகாரமான மரோனி 10, வசனம் 3 முதல் 5 வரை. வாசிக்க வேண்டும். ஆதாம் காலம் தொட்டு தேவன் மனிதருக்கு இரங்கியதை நினைத்து, மனதில் அசைபோட வேண்டும். பிறகு "இவை உண்மையல்லவா" என்று பிதாவிடம் கிறிஸ்துவின் நாமத்தில் கேட்க வேண்டும். உத்தம இருதயம், மெய்யான நோக்கம், கிறிஸ்துவில் விசுவாசம் என்ற மூன்றும் இருந்தால் பரிசுத்த ஆவியின் வல்லமையால் உண்மை தெரியவரும் என்பது வாக்கு.

அந்த மூன்று நிபந்தனைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பதில் வந்தால் புத்தகம் மெய். வராவிட்டால் மூன்றில் ஏதோ ஒன்று உங்களிடம் குறைகிறது, இன்னும் சில நாள் கேளுங்கள். "புத்தகம் மெய்யல்ல" என்ற விடை வந்து உட்கார அந்த வசனத்தில் இடமே இல்லை. சிவப்பாக மாறினால் அமிலம், மாறாவிட்டால் தாள் கெட்டுப்போனது என்று சொல்லும் லிட்மஸ் சோதனை மாதிரி.

இரண்டாவது சறுக்கல் ஜெபம் முடிந்த நிமிடத்தில் வரும். "இப்போது என்ன உணர்கிறீர்கள்?" என்று ஊழியக்காரர் கேட்பார். ஜெபித்தவர் "மனசு அமைதியாக இருக்கிறது" என்பார். உடனே கலாத்தியர் 5:22-23 திறக்கும்: அன்பு, சந்தோஷம், சமாதானம். "இதுதான் ஆவியானவர்." அமைதி அவருடையது, சந்தேகமில்லை. பெயர் எதிரே உட்கார்ந்திருப்பவர் கொடுத்தது.

உப்பேரிக்கரை:

ஏட்டுச்சுவடி ஐயா, பெயர்சூட்டல் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். ஆனால் மரோனியை மட்டும் வைத்துக்கொண்டு சபையின் முறை இவ்வளவுதான் என்று முடிப்பது சரியில்லை.

சபையின் வெளிப்பாடுகளைத் தொகுத்த வேதநூலான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' 9ஆம் பிரிவைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 1829 ஏப்ரல், பென்சில்வேனியாவின் ஹார்மனி. சபையை நிறுவியவரும், தங்கத் தகடுகளிலிருந்து மார்மன் புத்தகத்தை மொழிபெயர்த்ததாகச் சொன்னவருமான ஜோசப் ஸ்மித்துக்கு எழுத்தராக இருந்த ஆலிவர் கௌடரி தானும் மொழிபெயர்க்கிறேன் என்று முயன்றார், முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கான விளக்கமாக வந்ததுதான் அந்தப் பிரிவு. கேட்டால் மட்டும் போதும் என்று நினைத்துவிட்டாய், முதலில் உன் மனதில் ஆராய்ந்து முடிவுக்கு வா, பிறகு சரியா என்று கேள் என்கிறது. சரியென்றால் நெஞ்சு எரியும், தவறென்றால் சிந்தை மரத்துப்போகும். அதாவது தப்பான விடைக்கும் இங்கே ஓர் அறிகுறி சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் தேடிய இடம் இதுதான். முந்தைய 8ஆம் பிரிவும் "உன் மனதிலும் உன் இருதயத்திலும்" என்றே சொல்கிறது. புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

'எரிதல்' என்பதிலும் குழப்பம் உண்டு. நம் பக்கம் 'நெஞ்செரிச்சல்' என்றால் ஜெலுசில் தேட வேண்டிவரும். எம்மாவு வழியில் உயிர்த்தெழுந்த இயேசுவைச் சந்தித்த சீஷர்கள் சொன்னதைத் தமிழ் வேதாகமம் "இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா" என்று அழகாகத் தருகிறது. அந்த எரிதல்தான் இது. சூடே வரவில்லையே என்று பல மார்மன்கள் மனம் உடைந்து போவதுண்டு. அப்போது சபையின் அப்போஸ்தலராக இருந்த டாலின் ஓக்ஸ் 1997இல் இதற்கு விளக்கம் எழுதினார்: சூடு அல்ல, ஆறுதலும் மன அமைதியும்தான் பொருள் என்று.

அடுத்தது நியாயம் பற்றியது. கண்ணை நம்பலாம் என்பதை நிரூபிக்கவும் கடைசியில் கண்ணைத்தான் பயன்படுத்துகிறோம். நினைவை நம்பலாம் என்பதற்கு நினைவேதான் சாட்சி. அப்படியிருக்க, ஒரு சமூகம் தலைமுறைகளாகப் பழகி, தனக்குள் திருத்திக்கொள்ளும் முறைகளோடு வைத்திருக்கும் ஓர் உணர்தலுக்கு மட்டும் "முதலில் வெளியிலிருந்து நிரூபி" என்று தனிக் கட்டணம் ஏன்? தோன்றுவதை, எதிராக ஒரு காரணம் வரும்வரை ஏற்றுக்கொள்ளலாம். மற்ற அறிவுக்கெல்லாம் அந்த விதிதானே?

திண்ணைவாசி:

"எதிராக ஒரு காரணம் வரும்வரை". உப்பேரிக்கரை சொன்ன இந்த விதியையே எடுத்துக்கொள்கிறேன். காரணம் தேடி வெளியே போக வேண்டாம், அவர்கள் வரலாற்றுக்குள்ளேயே கிடக்கிறது.

ஹைரம் பேஜ். தங்கத் தகடுகளைப் பார்த்ததாகக் கையெழுத்திட்ட எட்டு சாட்சிகளில் ஒருவர். 1830இல் ஒரு கல்லை வைத்துக்கொண்டு சபைக்கு வெளிப்பாடுகள் பெறத் தொடங்கினார். நம்பியவர்கள் யார் தெரியுமா? ஆலிவர் கௌடரியும் விட்மர் குடும்பத்தாரும். 9ஆம் பிரிவு யாருக்கு வந்ததோ அதே கௌடரிதான். மெய்யையும் பொய்யையும் பிரிக்கும் உணர்வை ஒருவருக்காவது கற்றுக்கொடுத்திருந்தால் அது அவருக்குத்தான். செப்டம்பரில் 28ஆம் பிரிவு வந்து விவகாரத்தை முடித்தது: அந்தக் கல்லிலிருந்து எழுதியவை என்னுடையவை அல்ல, சாத்தான் ஏமாற்றுகிறான், சபைக்கு வெளிப்பாடு பெறுபவர் ஜோசப் ஒருவரே. வழக்கு தீர்ந்தது உணர்வால் அல்ல, பதவியால். இன்றும் விதி அதுதான். உன் வீட்டுக்கு, உன் பொறுப்புக்கு மட்டும் நீ வெளிப்பாடு பெறலாம். சபைத் தலைமைக்கு எதிராக ஒன்று வந்தால் அது ஆவியானவர் அல்ல.

இரண்டாவது, கனடா பயணம். மார்மன் புத்தகத்தின் பதிப்புரிமையைக் கனடாவில் விற்கும்படி 1830 வாக்கில் ஜோசப்புக்கு ஒரு வெளிப்பாடு வந்தது. போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த வெளிப்பாட்டின் வாசகம் 2009இல் அச்சில் வெளிவந்தபோது, "அங்குள்ளவர்கள் தங்கள் இருதயங்களைக் கடினப்படுத்தாவிட்டால்" என்ற நிபந்தனை அதில் இருந்தது தெரிந்தது. ஏட்டுச்சுவடி மரோனியில் காட்டிய அதே பின்கதவு! ஆனால் டேவிட் விட்மர் 1887இல் வெளியிட்ட சிறுநூலில் இன்னொன்று சொல்கிறார்: ஏன் பலிக்கவில்லை என்று கேட்டபோது, சில வெளிப்பாடுகள் தேவனிடமிருந்து, சில மனிதனிடமிருந்து, சில பிசாசிடமிருந்து என்று ஜோசப்புக்குப் பதில் வந்ததாம். விட்மர் சொல்வது நடந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, அதுவும் பிரிந்து போனவர் வாயிலிருந்து. தள்ளுபடி கொடுத்தே வாங்குங்கள்.

அதே விட்மரை வைத்துத்தான் மூன்றாவது கணக்கு. தேவதூதன் தகடுகளைக் காட்டியதாகச் சொன்ன மூன்று சாட்சிகளில் ஒருவர், தேவ சத்தத்தைக் காதால் கேட்டவர் என்று சபை இன்றும் அவரை முன்னிறுத்துகிறது. அதே சிறுநூலில் அவர் என்ன எழுதினார்? என் சாட்சியை நம்புகிறீர்கள் என்றால் இதையும் நம்புங்கள், 1838 ஜூனில் தேவன் மறுபடி என்னோடு பேசி, இந்தக் கூட்டத்தை விட்டுப் பிரிந்து போ என்றார், என்று. ஒரே ஆள், ஒரே காது. முதல் சத்தம் மெய், இரண்டாவது சத்தம் பிரமை என்று சபை சொல்ல வேண்டியிருக்கிறது. எதை அளவுகோலாக வைத்து? அவர் 1888இல் சாகும்வரை திரும்பவும் இல்லை, முதல் சாட்சியைக் கைவிடவும் இல்லை.

ஜோசப் 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் கொல்லப்பட்ட பிறகு நடந்ததைத் தனி இழையாகவே எழுதலாம். ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவர், ஜோசப் தன்னை வாரிசாக நியமித்தார் என்று ஒரு கடிதத்தைக் காட்டினார், 1845இல் விஸ்கான்சினில் சொந்தமாகத் தகடுகளே தோண்டி எடுத்தார், அதற்கும் சாட்சிகள் வைத்தார். மூன்று சாட்சிகளில் ஒருவரான மார்ட்டின் ஹாரிஸ் 1846இல் ஸ்ட்ராங் கூட்டத்துக்காக இங்கிலாந்து வரை போனார்.

மூளைக்காரன்:

எல்லாரும் அரைகுறையாக மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று இருக்கிறது, அதைச் சரியாகப் பதிந்துவைக்கிறேன். 2016, யூட்டா பல்கலைக்கழகம். பக்தியுள்ள இளம் மார்மன்கள் 19 பேர், 12 ஆண்கள், 7 பெண்கள். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து ஓய்வு நேரம், சபைப் புள்ளிவிவரம், தலைவர்களின் மேற்கோள்கள், மார்மன் புத்தகப் பகுதிகள், சபைக் காணொளிகள் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஆவியை உச்சமாக உணரும்போது பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு ஓரிரு நொடி முன்பே மூளையின் வெகுமதிப் பகுதியான நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் கிளர்ந்தது. இதயத் துடிப்பு கூடியது, மூச்சு ஆழமானது.

"பார்த்தீர்களா, வெறும் டோப்பமைன்" என்பது ஒரு பக்கத்து அவசரம். ஆப்பிளைப் பார்க்கும்போதும் மூளை ஒளிரத்தான் செய்யும், அதனால் ஆப்பிள் இல்லையென்று ஆகாது. "பார்த்தீர்களா, அறிவியலே ஒத்துக்கொண்டது" என்பது மறுபக்கத்து அவசரம். அதே பகுதி பிடித்த பாட்டுக்கும் காதலுக்கும் சூதாட்டத்துக்கும் கிளரும். தவிர, 19 பேரும் உள்ளே இருப்பவர்கள்; வேற்று மதத்தாரை அதே கருவியில் படுக்கவைத்து ஒப்பிடவில்லை. உணர்வு நடிப்பல்ல என்பதற்கு ஆய்வு நல்ல ஆதாரம். உணர்வு எதைச் சுட்டுகிறது என்ற கேள்விப் பக்கம் அது போகவே இல்லை.

அதற்குப் பொருத்தமான சோதனையை ஆய்வகத்துக்கு வெளியே வாழ்க்கையே நடத்திக் காட்டியது. பால் டன் சபையின் பொதுத் தலைவர்களில் ஒருவர், பிரசங்கத்துக்குப் பேர்போனவர். ஒகினாவா போரில் உயிர் நண்பன் தன் கைகளில் செத்த கதை, பெரிய பேஸ்பால் அணிக்கு ஆடிய கதை. கேட்ட கூட்டம் கண்ணீர் விட்டது, ஆவியை உணர்ந்தோம் என்றது. 1991இல் அரிசோனா நாளிதழ் ஒன்று விசாரித்து எழுதியது: நண்பர் ஒகினாவாவில் சாகவே இல்லை, அந்த அணிக்கு இவர் ஆடவும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் சபையின் செய்தித்தாளில் மன்னிப்புக் கடிதம் வந்தது. அந்த உணர்வு பொய்க்கதையைக் கேட்டு வந்தது. ஆனால் மெய்க்கதைக்கு வரும் உணர்வோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை.

உப்பேரிக்கரை:

டன் விஷயத்துக்கு விசுவாசிகள் தரும் பதில் உண்டு: ஆவியானவர் சாட்சி கொடுத்தது கதையின் விவரங்களுக்கு அல்ல, கதைக்குள் இருந்த நற்போதனைக்கு. நட்பு, தியாகம், நேர்மை. அந்தப் போதனை மெய்தானே?

திண்ணைவாசி:

நேர்மை பற்றி என்றதும் கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். இருந்தாலும் பதில் நல்ல பதில்தான். ஆனால் அதன் விலையைக் கணக்குப் பார்த்தீர்களா? உணர்வு போதனைக்கு மட்டும் சாட்சி, விவரத்துக்கு அல்ல என்றால், மார்மன் புத்தகத்தை வாசித்து எரிந்த நெஞ்சும் அதன் போதனைக்கு மட்டும்தான் சாட்சி. கி.மு. 600 வாக்கில் ஒரு குடும்பம் எருசலேமிலிருந்து கப்பலேறி அமெரிக்கா வந்தது என்பது விவரம். தகடு இருந்தது என்பது விவரம்.

ஆனால் சபை போடும் சங்கிலி வேறு: உணர்ந்தாய், ஆகவே புத்தகம் மெய், ஆகவே ஜோசப் தீர்க்கதரிசி, ஆகவே ஆசாரியத்துவம் (தேவன் பெயரால் செயல்படும் அதிகாரம்) இந்தச் சபையில்தான், ஆகவே இன்றைய தலைவரும் தீர்க்கதரிசி. மூன்றாவது கண்ணியிலேயே ஸ்ட்ராங் ஆட்களும் நிற்கிறார்கள், ஜோசப்பையே தீர்க்கதரிசியாக வைத்துத் தனிச் சபையாக வளர்ந்த, மிசூரியைத் தலைமையிடமாகக் கொண்ட கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்டும் நிற்கிறது. எல்லாரும் ஒரே உணர்வில் கிளம்பி வெவ்வேறு ஊரில் இறங்கியவர்கள்.

ஏட்டுச்சுவடி:

இதற்கு மார்மன் புத்தகத்தின் ஆல்மா 32ஐ யாராவது எடுப்பீர்கள் என்று காத்திருந்தேன். விதை உவமை, வசனம் 27 முதல் 43 வரை. வசனத்தை விதையாக நடு, நம்ப வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தாலும் போதும். அது உனக்குள் உப்பி, முளைத்து, வளர்ந்தால் நல்ல விதை. 34ஆம் வசனம்: உன் அறிவு பூரணமா? ஆம், "அந்தக் காரியத்தில்" பூரணம். எந்தக் காரியம்? விதை நல்லது என்ற காரியம். அவ்வளவே. 35இல் மறுபடி கேள்வி: உன் அறிவு பூரணமா? 36இல் பதில்: இல்லை, விசுவாசத்தை ஓரம்கட்டாதே, விதை நல்லதா என்று சோதிக்க மட்டும்தான் விசுவாசத்தைச் செலுத்தினாய். திண்ணைவாசி சொன்ன எல்லையை அவர்கள் வேதமே கோடு போட்டு வைத்திருக்கிறது. சங்கிலியின் மற்றக் கண்ணிகள் ஆல்மாவில் இல்லை.

கோட்டைத் தாண்ட வைப்பது உபவாச ஞாயிறு என்பது என் கணிப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டு வேளை சாப்பாட்டை விட்டுவிட்டு வருவார்கள். அப்பமும் தண்ணீரும் பரிமாறி முடிந்ததும் மேடை எல்லாருக்கும் திறந்துவிடப்படும். எழுந்தவர் சொல்லும் வாசகம் கிட்டத்தட்ட அச்சு வார்த்தது: சபை மெய்யென்று அறிவேன், ஜோசப் தீர்க்கதரிசி என்று அறிவேன். காலி வயிறு, தெரிந்த முகங்கள், தழுதழுக்கும் குரல். 'நல்லது' என்று உணர்ந்தவர் வாய் 'அறிவேன்' என்று சொல்லப் பழகுவது அங்கேதான். சாட்சி கிடைப்பதே அதைச் சொல்லும்போதுதான் என்று அப்போஸ்தலர் பாய்ட் பேக்கர் 1982இல் ஊழியத் தலைவர்களுக்குப் போதித்தார். சொல்லச் சொல்ல உறுதிப்படும் என்பது உண்மை. எந்த வாக்கியத்தைச் சொன்னாலும் உறுதிப்படும் என்பதும் உண்மை.

உப்பேரிக்கரை:

'அறிவேன்' பற்றி நீங்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' 46ஆம் பிரிவு, 13, 14 வசனங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அறியும் வரம், வேறு சிலருக்கு அவர்கள் சொல்வதை நம்பும் வரம் என்று இரண்டாகவே பிரித்திருக்கிறது, இரண்டும் ஆவியின் வரம். 'அறிவேன்' என்று சொல்ல மனம் ஒப்பாதவர்கள் மேடையேறி 'நம்புகிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்க அந்த 14ஆம் வசனம் போதும்.